உள்தையலா, பின்னா, நைலானா: நாய்க்கு அறுவை முடிந்ததும் தோலை மூடும் வழிகள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். இரண்டு வயதுப் பெண் லாப்ரடாருக்குக் கருத்தடை செய்ய மூன்று இடங்களில் விசாரித்திருக்கிறீர்கள். ஒரு மருத்துவர், "உள்தையல் போடுவேன், பிரிக்கவே வேண்டாம்" என்கிறார். இன்னொருவர் ஸ்டேப்ளர் பின் அடிப்பேன் என்கிறார். மூன்றாமவர் நைலான் தையலைத்தான் நம்புவேன் என்கிறார். பசை போட்டு ஒட்டுவதும் உண்டு என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். இவற்றில் எது நல்லது, பின் போட்டால் அதை வீட்டிலேயே எடுத்துவிடலாமா என்பது கேள்வி.

நேரடிப் பதிலை முதலில் சொல்கிறேன். ஆரோக்கியமான நாய், நாள் குறித்துச் செய்யும் கருத்தடை, சுத்தமான அறுவை அரங்கு என்றால் நான் தேர்ந்தெடுப்பது கரையும் நூலால் போடும் உள்தையல். ஆனால் மற்ற இருவரும் தவறாகச் சொல்லவில்லை. மூன்றுமே ஒழுங்காகச் செய்தால் ஆறும். இந்த மூன்றில் எது என்பதைவிட, தோலுக்குக் கீழே என்ன செய்கிறார்கள் என்பதும், அடுத்த பத்துப் பதினான்கு நாள் நாய் அந்த இடத்தை நக்காமல் பார்த்துக்கொள்கிறீர்களா என்பதும் பெரிய விஷயம். ஏன் என்று சொல்கிறேன்.

கருத்தடையில் வயிற்றைப் பொதுவாக மூன்று அடுக்காக மூடுவோம். அடியில் நடுக்கோடு. இரண்டு பக்க வயிற்றுத் தசைகளின் உறைகளும் வந்து கூடுகிற வெள்ளையான, கெட்டியான பட்டை அது. அதற்கு மேல் கொழுப்பு அடுக்கு, கடைசியில் தோல். குடலை உள்ளே நிறுத்தி வைத்திருப்பது அந்த நடுக்கோட்டில் போட்ட தையல். தோல் தையலுக்கு அந்த வேலை இல்லை, அதனால் முடியவும் முடியாது. வெட்டின இரண்டு விளிம்புகளையும் மடிப்பில்லாமல் நேருக்கு நேர் வைத்து, புதுத் தோல் குறுக்கே ஓடிச் சேரும்வரை அசையாமல் பிடித்திருப்பதுதான் தோல் தையலின் வேலை.

விளிம்புகள் சரியாகச் சேர்ந்திருந்தால் மேல்தோல் செல்கள் ஒன்று அல்லது இரண்டு நாளில் குறுக்கே நகர்ந்து வெட்டை மூடிவிடும். தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாத அளவுக்கு அது அடைபடும். ஆனால் அடைபடுவது வேறு, வலுப்படுவது வேறு. முதல் மூன்று முதல் ஐந்து நாள் காயத்துக்குச் சொந்த வலு என்று அநேகமாக எதுவும் கிடையாது, முழுக்க நூல்தான் தாங்குகிறது. மூன்று வாரம் ஆனால்கூட காயத்தின் வலு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கும். பல மாதம் கழித்து முழுதாக ஆறிய தழும்பும் பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாது.

அப்படியானால் பத்து, பதினான்கு நாளில் எந்தத் தைரியத்தில் தையலைப் பிரிக்கிறோம்? கீழ் அடுக்குகள் இழுவிசையைத் தாங்கிக்கொண்டிருப்பதால்தான். தோலின் மேல் இழுவிசை விழும்படி மூடியிருந்தால், பின்னோ நைலானோ உள்தையலோ, எதுவும் காப்பாற்றாது. அதனால் நான் மருத்துவரிடம் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, "நடுக்கோட்டுக்கு என்ன நூல் போடுகிறீர்கள்?" என்பது. பாலிடையாக்ஸனோன் மாதிரி மெதுவாக வலு இழக்கும் நூல் அங்கே நல்லது. நான்கு வாரம் ஆனாலும் அது தன் வலுவில் ஏறக்குறைய பாதியை வைத்திருக்கும், முழுதாகக் கரைய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பாலிகிளாக்டின், அதாவது விக்ரில் என்று எல்லோரும் சொல்லும் பின்னல் நூலும் போதுமானதே. அது மூன்று வாரத்தில் பாதி வலுவுக்கு வரும், இரண்டு மாதம் பத்து நாளுக்குள் கரைந்துவிடும்.

இனி தோல்.

உள்தையல் என்பது நூல் வெளியே தெரியாமல், மேல்தோலுக்குக் கீழே உள்ள உட்தோலிலேயே ஊசியை வெட்டுக்கு இணையாக ஓட்டி, இந்தப் பக்கம் ஒரு கடி, நேர் எதிரே அந்தப் பக்கம் ஒரு கடி என்று தொடர்ச்சியாகப் போவது. முதல் முடிச்சும் கடைசி முடிச்சும் உள்ளே புதைந்திருக்கும். இதற்குப் பெரும்பாலும் பாலிகிளெகேப்ரோன் நூல், மோனோக்ரில் என்றால் கடையில் தெரியும், 3-0 அல்லது 4-0 என்ற மெல்லிய அளவில் எடுப்போம். ஒற்றை இழை, வழுவழுப்பு, திசுவை அறுக்காமல் நழுவிப் போகும். சாயமில்லாத வகை ஒரு வாரத்தில் பாதிக்குச் சற்று மேலாகவும், இரண்டு வாரத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கும் வலு இறங்கிவிடும். தோலுக்கு அது போதும். மூன்று, நான்கு மாதத்துக்குள் முழுதாகக் கரைந்துவிடும்.

இதன் பெரிய நன்மை, நாய் கடித்துப் பிடுங்க வெளியே ஒன்றும் இல்லை என்பது. நூல் துளை வழியாகக் கிருமி உள்ளே இறங்கும் பாதையும் இல்லை. பிரிப்பதற்காக நாயை மறுபடி தூக்கிக்கொண்டு வந்து, மேசையில் படுக்க வைத்து, நான்கு பேர் பிடித்து என்ற பாடும் இல்லை. கருத்தடை செய்த நாய்களில் மோனோக்ரில் உள்தையலையும், வெளியே தனித்தனி முடிச்சாகப் போடும் நைலான் தனித்தையலையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று கனடா கால்நடை மருத்துவ இதழில் 2002-இல் வந்தது. அதில் உள்தையல் போட்ட காயங்கள் பார்வைக்கு மேலாக இருந்தன. நடைமுறையில் நாங்கள் பார்ப்பதும் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. நேரம் அதிகம் எடுக்கும், பழக்கமில்லாத கைக்கு இன்னும் அதிகம். ஊசி உட்தோலைப் பிடிக்காமல் கொழுப்பைப் பிடித்துவிட்டால் அந்தத் தையலால் பயன் இல்லை, விளிம்புகள் இரண்டு நாளில் விலகும். லாப்ரடார் வயிற்றில் இது எளிதில் நடக்கக்கூடியது, ஏனென்றால் அங்கே கொழுப்பு தாராளம். சில நாய்களில் இரண்டு, மூன்று வாரம் கழித்து வெட்டின் ஒரு முனையில் பரு மாதிரி சின்னதாக ஒன்று எழும்பும், சில சமயம் நூல் முனை தலை நீட்டும். புதைத்த முடிச்சை உடம்பு வெளியே தள்ளப் பார்க்கிறது. பெரும்பாலும் அந்தத் துண்டை நறுக்கிவிட்டால் சரியாகிவிடும். பயப்பட வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

"கரையும் நூல்" என்று சொன்னாலே எல்லாம் ஒன்றில்லை. இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். செலவைக் குறைக்கக் குரோமிக் கேட்கட் போடும் வழக்கம் நம் ஊரில் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆடு, மாடுகளின் குடல் சுவரிலிருந்து எடுக்கும் நூல் அது. உடம்பு அதை அந்நியப் புரதமாகப் பார்த்து அழற்சியோடுதான் கரைக்கும். எந்த நாயில் எத்தனை நாளில் வலு இழக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, கிருமி இருக்கும் இடத்தில் இன்னும் வேகமாக விட்டுவிடும். மாட்டுப் பைத்திய நோய் அச்சத்தால் ஐரோப்பாவில் மனித அறுவையில் அதை ஒதுக்கிவிட்டார்கள். தோலுக்குள் அதைப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீக்கமும் அரிப்பும் வந்து நாய் நக்கத் தொடங்கும், அப்புறம் நடப்பதற்கெல்லாம் "நாய் நக்கிவிட்டது" என்று பழி நாயின் மேல் விழும். உள்தையல் என்று சொன்னால் என்ன நூல் என்றும் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

நைலான் தையலை நம்பும் மருத்துவரின் பக்கத்தில் வலுவான நியாயம் இருக்கிறது. தனித்தனி முடிச்சாகப் போடும்போது ஒன்று அறுந்தாலும் மற்றவை நிற்கும். ஒவ்வொரு தையலின் இறுக்கத்தையும் தனித்தனியாக அளந்து வைக்கலாம். ஓர் இடத்தில் சீழ் கட்டினால் அங்கே மட்டும் இரண்டு தையலை எடுத்து வடிய விடலாம், மீதி மூடியே இருக்கும். உள்தையலில் அது முடியாது. நைலான் ஒற்றை இழை, திசு அதை எதிர்ப்பது மிகக் குறைவு. பட்டு நூலையும் பின்னல் நூல்களையும் வெளித்தோலில் நான் தவிர்ப்பது, அந்த இழைகளுக்கிடையே ஈரமும் கிருமியும் ஏறி உள்ளே இறங்கும் என்பதால்.

நைலான் தையலில் அதிகம் நடக்கும் பிழை இறுக்கிக் கட்டுவது. போடும் நேரத்தில் பார்க்க அழகாக, கச்சிதமாக இருக்கும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் காயம் இயல்பாகவே வீங்கும். வீங்கும்போது நூல் தோலுக்குள் அமிழும், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், வலிக்கும், அரிக்கும். நாய் நக்குவதற்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. கட்டிய நூலுக்கும் தோலுக்கும் இடையே கருவியின் நுனி நுழையும் அளவுக்கு இடம் விட்டுத்தான் தோலைத் தைக்க வேண்டும். விளிம்பிலிருந்து ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் தள்ளிக் குத்தி, ஒவ்வொரு தையலுக்கும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். நான்கு நாள் கழித்துப் பார்க்கும்போது தையல்கள் தளர்வாக, தோலின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தால் அதுதான் நல்ல தையல். "லூசாக இருக்கிறதே டாக்டர்" என்று நாய் வளர்ப்பவர்கள் பதறிக்கொண்டு வருவார்கள். அப்படி இருந்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

தனித்தையலுக்கும் தொடர்தையலுக்கும் நடுவில் பெருக்கல் குறி போல விழும் தையல் ஒன்று உண்டு. இரண்டு தையலுக்கு ஒரு முடிச்சு, வேகமும் இருக்கிறது, ஒன்று போனால் எல்லாம் போகும் என்ற ஆபத்தும் இல்லை. நைலான் என்றால் நான் பெரும்பாலும் அதைத்தான் போடுவேன்.

ஸ்டேப்ளர் பின்னுக்கு வருவோம். துருப்பிடிக்காத எஃகுப் பின். ஒரு கருவியில் பெரும்பாலும் 35 பின்கள் இருக்கும். இரண்டு விளிம்பையும் ஒரு பல்லிடுக்கியால் சற்று மேல்நோக்கித் திருப்பிச் சேர்த்துப் பிடித்து, கருவியை வைத்து அழுத்தினால் பின் இரண்டு பக்கமும் தோலில் இறங்கி மடங்கும். ஒரு சாண் நீள வெட்டை ஓரிரு நிமிடத்தில் மூடிவிடலாம். இதன் பலம் வேகம், வேறில்லை. ஆனால் வேகம் சில சமயம் உயிர் காக்கும் விஷயம்.

எப்போது? வயிறு முறுக்கிக்கொண்டு வந்த பெரிய நாய், ரத்த அழுத்தம் கீழே, மயக்க மருந்தில் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. அல்லது அக்குளிலிருந்து தொடை இடுக்குவரை மடிக்கட்டியை எடுத்த வயதான நாய், தைக்க வேண்டிய நீளம் ஒரு முழத்துக்குப் பக்கம். அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து அழகாக உள்தையல் போடுவது நாய்க்குச் செய்யும் உதவி ஆகாது. நேரத்துக்கும் தொற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நாய், பூனை அறுவைகளைப் பற்றி 1997-இல் வந்த ஆய்வு ஒன்றில், 60 நிமிடத்தில் முடிந்த அறுவையைவிட 90 நிமிடம் நீண்ட அறுவையில் காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: நாய்க்கு மயக்கம் கொடுப்பதற்கு முன்பே அந்த இடத்து முடியை வழித்துவிட்டால் தொற்று கூடுகிறது. திமிறும்போது தோலில் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறிவிடுகிறது. முதல் நாளே வீட்டில் வழித்துக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று யாராவது நினைத்தால் தயவு செய்து வேண்டாம்.

பின்னைப் பற்றி எதிர்த்தரப்பும் உண்டு. முழங்கால் தசைநார் அறுந்த நாய்களுக்குச் செய்யும் அறுவையில் 2010-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், நூலால் தைத்தவற்றைவிடப் பின் அடித்தவற்றில் தொற்றும் அழற்சியும் கூடுதலாக இருந்தன. அதே ஆண்டு மனிதர்களின் எலும்பு அறுவைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்விலும் அதே திசையில் முடிவு வந்தது. எலும்பில் தகடும் திருகும் வைக்கும் அறுவையில் தொற்று வந்தால் விளைவு கடுமை, அதனால் அங்கே நான் பின்னைத் தவிர்ப்பேன். இதை அப்படியே கருத்தடைக்குப் பொருத்திப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வயிற்றுத் தோல் வேறு, முழங்கால் தோல் வேறு. முழங்கால் மடங்கி மடங்கி நீள்கிற இடம், அங்கே பின் ஒவ்வொரு அசைவிலும் தோலைக் குத்திக்கொண்டே இருக்கும்.

பின் அடிக்கும்போது விளிம்பு உள்பக்கம் மடங்கிவிட்டால் ஆறுவது தாமதமாகும். கவனமில்லாத கையில் இது அடிக்கடி நடக்கும், வேகமாக முடிகிற வேலை என்பதாலேயே. மெல்லிய தோல் உள்ள நாய்களுக்கும் பின் அவ்வளவு பொருத்தம் இல்லை. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி மெலிந்த வேட்டை நாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். தோலுக்கும் தசைக்கும் இடையே கொழுப்பு என்று பெயருக்குத்தான் இருக்கும். முள்வேலியில் கிழித்துக்கொண்டு வந்தால் தோல் காகிதமாய் விரிந்து கிடக்கும். அங்கே மெல்லிய நைலானும் பொறுமையும்தான் வேண்டும்.

பசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அறுவைக்குப் பயன்படுவது சயனோஅக்ரிலேட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் பியூட்டைல், ஆக்டைல் என்ற இரண்டு வகைகள் மருத்துவத்துக்கானவை. ஆக்டைல் வளைந்து கொடுக்கும், பியூட்டைல் சீக்கிரம் காய்ந்து சற்று மொறுமொறுப்பாக நிற்கும். பசை தோலின் மேல்பரப்பில் மட்டும் ஒரு படலமாக உட்கார வேண்டும். விளிம்புகளை விரலால் சேர்த்துப் பிடித்து, மேலே மெல்லியதாகத் தடவி, காயும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாரத்தை ஒட்டித் தானாக உரிந்து விழும். ஒரு சொட்டு வெட்டுக்குள் இறங்கினாலும் அது இரண்டு விளிம்புக்கும் நடுவே சுவராக நின்று ஆறவிடாமல் தடுக்கும். சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப் கருத்தடையில் விழும் அரை, ஒரு சென்டிமீட்டர் துளைகளுக்கு அது அருமையான முடிவு. காது மடலில் சின்னக் கீறல், அதுவும் சரி. வயிற்று நடுவெட்டுக்குப் பசையை மட்டும் நம்புவது சரியில்லை. உள்தையல் போட்டுவிட்டு அதன் மேல் மெல்லிய பூச்சாகப் போடுகிறவர்கள் உண்டு, அதில் தவறில்லை.

பெட்டிக்கடையில் வாங்கும் ஃபெவிக்விக் வகைப் பசையும் இதே குடும்பம்தானே என்று வீட்டில் முயற்சி செய்கிறவர்களை நான் பார்க்கிறேன். அது எத்தில் வகை. சீக்கிரம் சிதைந்து ஃபார்மால்டிஹைடை வெளிவிடும், காயும்போது சூடும் அதிகம், திசுவைப் பொசுக்கும். கிருமி நீக்கியதும் அல்ல. நாயின் காயத்தில் அதைத் தொடவே கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் சுத்தமான வெட்டைப் பற்றி. நாய்களில் நாங்கள் அன்றாடம் பார்ப்பது அது மட்டும் இல்லை. நாயும் நாயும் கடித்துக்கொண்டு வரும் காயங்கள் ஒரு பெரும் பகுதி. அதில் தோலை மூடுவது பற்றிய கேள்விக்கே பல நேரம் பதில் "இப்போது மூடாதே" என்பதுதான். இந்த இடத்தில்தான் நாய் வளர்ப்பவர்களோடு எங்களுக்கு அதிக வாக்குவாதம் வரும், அதனால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

கோரைப்பல் தோலில் போடும் துளை சின்னது. ஆனால் கடித்த நாய் தலையை உதறும்போது பல் உள்ளே உழுதுவிடும். நாயின் தோல் தளர்வானது, பல்லோடு கூடவே நகரும், அதனால் மேலே கிழியாது. கீழே தசையும் கொழுப்பும் தோலிலிருந்து பிய்ந்து ஒரு பை உண்டாகியிருக்கும். அதில் மண், முடி, எச்சில், செத்த திசு எல்லாம் இருக்கும். மேலே இரண்டு துளையைப் பார்த்துவிட்டு "இரண்டு தையல் போட்டு அனுப்புங்கள்" என்று கேட்பார்கள். போட்டால் மூன்றாம் நாள் காய்ச்சலும் சீழுமாக வரும், சில நாய்களில் அந்தப் பரப்புத் தோல் முழுக்கக் கறுத்து உரியும். ஒரு கிராம் திசுவில் கிருமி எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டினால் காயம் தொற்றுக் காயம் ஆகிவிட்டது என்பது அறுவையில் பழைய கணக்கு. அழுக்குக் காயம் அந்த நிலைக்குப் போக ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும்.

அதனால் துளையைப் பெரிதாக்கி உள்ளே பார்த்து, செத்ததை வெட்டி, உப்புக் கரைசலை லிட்டர் கணக்கில் பீய்ச்சிக் கழுவி, வடிவதற்கு மெல்லிய ரப்பர்க் குழாய் வைத்தோ, திறந்தே விட்டுக் கட்டுப் போட்டோ வைப்போம். மூன்று முதல் ஐந்து நாளில் காயம் சிவந்து சுத்தமாகத் தெரிந்தால் அப்போது மூடலாம். இன்னும் காத்திருந்தால் தளதளவென்று புதுச்சதை எழும்பும், அதற்கு மேல் மூடலாம். இல்லை, அப்படியே சுருங்கி ஆறவும் விடலாம். நாய்க்கு முதுகிலும் கழுத்திலும் விலாவிலும் தோல் தாராளம், காயம் வியக்கத்தக்க அளவுக்குச் சுருங்கி மூடிக்கொள்ளும். முழங்கைக்கும் பின்னங்கால் கணுவுக்கும் கீழே அது நடக்காது, அங்கே உபரித் தோலே கிடையாது. (கடித்தது யாருடையது என்று தெரியாத நாய் என்றால் முதல் வேலை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது, கையுறை போட்டுக்கொண்டு. அடுத்தது உங்கள் நாய் ஏற்கெனவே போட்டிருந்தாலும் வெறிநாய்த் தடுப்பூசி. தையல் பேச்சு அதற்கு அப்புறம்தான்.)

இழுத்து மூட வேண்டிய இடம் என்றால் தோலைக் கீழிருந்து விடுவித்து நகர்த்த வேண்டியிருக்கும். இங்கே மனித அறுவையிலிருந்து நாய் அறுவை பிரியும் ஒரு முக்கியமான இடம் வருகிறது. மனிதத் தோலுக்கு ரத்தம் பெரும்பாலும் கீழே தசையிலிருந்து செங்குத்தாக ஏறி வருகிறது. நாயின் தோலில் ரத்தக் குழாய்கள் தோலுக்கு இணையாக, உடலில் தோலோடு ஒட்டியிருக்கும் மெல்லிய தசைப் படலத்தை ஒட்டி ஓடுகின்றன. ஈ உட்கார்ந்தால் நாய் தோலைச் சிலிர்க்கிறதே, அந்தத் தசைதான். அதற்கு மேலே கத்தியை ஓட்டினால் தோல் செத்துவிடும். அதற்குக் கீழே போக வேண்டும். இது தெரிந்த கை நாயின் தோலை ஆச்சரியப்படும் தூரத்துக்கு நகர்த்தி மூடிவிடும்.

தெருநாய் கருத்தடையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது, ஏனென்றால் நம் நாட்டில் மிக அதிகமாக நடக்கும் நாய் அறுவை அதுதான். சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1960-களிலேயே அதைத் தொடங்கியது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001-இல் வந்தன, 2023-இல் புது விதிகள் அவற்றுக்குப் பதிலாக வந்தன. அறுவைக்குப் பின் சில நாள் வைத்திருந்து, பிடித்த தெருவிலேயே விட வேண்டும். பத்தாம் நாள் தையல் பிரிக்க அந்த நாயை யார் திரும்பப் பிடிப்பது? காயத்தை நக்கவிடாமல் தடுக்கும் கூம்பைக் கழுத்தில் மாட்டித் தெருவில் விட முடியுமா? அங்கே உள்தையலுக்கு மாற்றே இல்லை. பின்னும் நைலானும் அந்த நாய்க்கு அநியாயம். பல குழுக்கள் அடிவயிற்றுக்குப் பதிலாக வலது விலாப்பக்கம் சின்னதாக வெட்டி உள்ளே போவார்கள். காயம் தரையில் படாது, தூரத்திலிருந்தே ஆறியிருக்கிறதா என்று பார்க்கலாம். குறைந்த செலவில், ஒரு நாளில் பல நாய்களுக்குச் செய்யும் இடத்தில் இந்தச் சின்ன வெட்டையும் புதைந்த தையலையும் ஒழுங்காகப் போடும் மருத்துவர்களிடம் நான் நிறையக் கற்றிருக்கிறேன்.

சரி, உங்கள் லாப்ரடாருக்கு வருவோம். மருத்துவரிடம் பேசும்போது எடையைச் சொல்லிக் கொழுப்பு அடுக்கைத் தனியாக மூடுவாரா என்று கேளுங்கள். அங்கே வெற்றிடம் விட்டால் நீர் கோத்துக்கொள்ளும். ஐந்தாம் நாள் வாக்கில் வெட்டின் கீழ் மெத்தென்று ஒரு வீக்கம் வரும். வலி இல்லாமல், சூடு இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் நீர்தான், தானாக வற்றும். ஆனால் முதல் ஐந்து நாளில் திடீரென்று எழும்பும் மெத்தென்ற வீக்கம், கூடவே ரத்தம் கலந்த நீர் கசிவது என்றால் நடுக்கோடு விட்டிருக்கலாம். அது அவசரம், இரவானாலும் போக வேண்டும். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சுத்தமான துணியை நனைத்துச் சுற்றி, நாய் அதைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

எந்தத் தையல் என்றாலும் கூம்புக் காலர் அல்லது வயிற்றை மூடும் சட்டை பத்து முதல் பதினான்கு நாள். இரவிலும்தான். பாவமாக இருக்கிறது என்று தூங்கும்போது கழற்றுவார்கள், காலையில் வெட்டு திறந்திருக்கும். குளிப்பாட்ட வேண்டாம், மாடிப்படி வேண்டாம், சோபாவில் தாவ வேண்டாம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், நெபாசல்ஃப் பவுடர் எதுவும் மூடிய சுத்தமான வெட்டுக்குத் தேவையில்லை. பூசினால் நாய் நக்கும், சிவப்பும் கசிவும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஈக்கு மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். மழைக்காலத்தில் கசியும் காயத்தில் ஓர் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். நாயை வீட்டுக்குள் வைத்து, தினம் இரண்டு முறை நல்ல வெளிச்சத்தில் வெட்டைப் பார்த்தாலே போதும். முதல் நாள் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கடைசிக் கேள்வி, பின்னை வீட்டிலேயே எடுக்கலாமா. வேண்டாம் என்பது என் பதில். அதற்கென்று ஒரு கருவி உண்டு. அது பின்னின் நடுவை அழுத்தி இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் வெளியே திறக்கும், நாய்க்கு உறைப்பதே இல்லை. கத்தரியோ குறடோ வைத்து இழுத்தால் பின் மடங்கின வாக்கிலேயே தோலைக் கிழித்துக்கொண்டு வரும். நைலான் தையலை வெட்டி எடுப்பது அதைவிட எளிது, ஆனால் எடுக்கலாமா என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். சர்க்கரை நோய் உள்ள நாய், ஸ்டீராய்டு மருந்து சாப்பிடும் நாய், மிகவும் மெலிந்த நாய் இவற்றுக்கு ஆறுவது தாமதமாகும், பதினான்கு நாளுக்கு மேலும் விட வேண்டியிருக்கும். உங்கள் மருத்துவர் விரலால் வெட்டின் நீளம் முழுக்கத் தடவிப் பார்த்து, அடியில் நடுக்கோடு கெட்டியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்த பிறகுதான் எடுப்பார். அந்தத் தடவிப் பார்ப்பதற்காகவே, உள்தையல் போட்டு எடுக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும், பத்து முதல் பதினான்கு நாளுக்குள் ஒரு முறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள்.